எதிர்ச்சுமை

குஷிரோவில் வெளியே மைனஸ் பதினொன்று.
உள்ளே, சேய்ஸோ தானிகாவாவின் இதயம்
தொண்ணூற்றிரண்டு நிமிடமாக எதுவும் செய்யவில்லை.
அதன் வேலையை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்,
முக்காலியில் உட்கார்ந்து,
சுழலும் பம்புகளுக்கு முன்னால்.

பிளாஸ்டிக் குழாயில் ஓடவிட்டால்
இரத்தம் சும்மா இருக்காது.
காயம் என்று நினைத்துக்கொள்ளும்.
உறையத் தொடங்கும்,
நல்லெண்ணத்தோடு ஆளைக் கொன்றுவிடும்.

அதனால்தான் முதலில் ஹெப்பாரின்:
பன்றிக்குடலிலிருந்து எடுத்த நீண்ட சர்க்கரைச் சங்கிலி,
கண்ணிக்குக் கண்ணி எதிர்மின் சுமை.
உடம்பு செய்யும் பொருள்களில்
இவ்வளவு எதிர்மறையான இன்னொன்றை நான் அறியேன்,
என் முன்னாள் கணவரைக் கணக்கில் சேர்க்காவிட்டால்.

உறைய எத்தனை விநாடி?
காலையில் நூற்றுப் பதினெட்டு.
ஹெப்பாரினுக்குப் பின் ஐந்நூற்று ஆறு.
அந்த இடைவெளிக்குள்தான்
டாக்டர் இஷிசாகி மூன்று குழாய்களைத் தைத்தார்.

இதயம் திரும்பி வந்தது.
நடுக்கம், ஒரு துடிப்பு,
கொஞ்சம் யோசனை, இன்னொரு துடிப்பு.
பம்பை நிறுத்தினேன்.
தைத்த துளையெல்லாம் கசிந்தது.

இப்போது புரோட்டமின்.
ஆண் சால்மனின் விந்திலிருந்து வருவது.
ஆர்ஜினின் ஆர்ஜினின் ஆர்ஜினின் என்று
ஒரே சொல்லில் திக்கி நிற்கும் புரதம்,
திக்கல் ஒவ்வொன்றும் நேர்மின்.
மீனுக்குள் அதற்கு மூட்டை கட்டும் வேலை:
தகப்பனின் மரபிழை முழுவதையும் மடித்து
கண்ணுக்குத் தெரியாத ஒரு தலைக்குள் திணிக்கவேண்டும்.
மரபிழையும் எதிர்மின் நூல்தான்.
ஆள் வித்தியாசம் அதற்குத் தெரியாது.
ஹெப்பாரினைக் கண்டாலும்
அதே பாசத்தோடு சுருட்டிக்கொள்ளும்.

சேய்ஸோ முப்பத்தெட்டு வருடம்
ஷிபெட்சு கரையில் சால்மன் வலை இழுத்தவர்.
மீன் ஒவ்வாமை உண்டா என்று
மயக்க மருந்து டாக்டர் குவாபாரா நேற்றுக் கேட்டார்.
நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார் மனிதர்.
"மீனுக்குத்தான் என்னோடு ஒவ்வாது."
படிவத்தில் அது 'இல்லை' என்று ஆனது.

"புரோட்டமின் தொடங்குகிறேன்."
சத்தமாகச் சொல்ல வேண்டும், அது விதி.
நான் உறிஞ்சுகுழாயை அணைத்தேன்.
இல்லாவிட்டால் என் இயந்திரமே உறைந்துபோகும்.

மூன்றாம் நிமிடம்
அழுத்தம் தொண்ணூறு.
எழுபத்தொன்று.
ஐம்பத்துநான்கு.
யாரும் கத்தவில்லை.
குவாபாராவின் கட்டைவிரல் ஊசியை விட்டு எழுந்தது.
இஷிசாகி இரு கைகளையும் நெஞ்சுக்கூட்டில் வைத்தபடி நின்றார்,
குளிர்காய்பவரைப் போல.
நான் பம்பின் குமிழைத் தொட்டுக்கொண்டிருந்தேன்.
மறுபடி ஓட்டுவதென்றால் மறுபடி ஹெப்பாரின்,
மறுபடி எல்லாம்.

மீன் பழிவாங்கியது என்று
யாராவது கதை கட்டலாம்.
அப்படியெல்லாம் இல்லை.
இரண்டு சுமைகள் சந்திக்கும் இடத்தில்
ஓர் ஆள் படுத்திருக்கிறார்.
அவசரமாகச் சந்தித்தால் அவர் தாங்கமாட்டார்.

கொஞ்சம் திரவம், துளி அட்ரினலின்.
ஐம்பத்தெட்டு. அறுபத்தாறு.
எண்பத்திரண்டில் குவாபாரா மூச்சுவிட்டார்,
மீண்டும் அழுத்தத் தொடங்கினார்,
பனிக்காலத் தேனைவிட மெதுவாக.

வெகுநேரம் கழித்து நர்ஸ் மினேகிஷி
"காய்கிறது" என்றாள்.
ஊசித்துளைகளில் சிவப்பு தடித்து,
கேட்காமலே மூடிக்கொண்டது.
நூற்றுப் பத்தொன்பது விநாடி.
காலையைவிட ஒன்று கூடுதல்.
அந்த ஒன்றை இன்னும் நான் யோசிக்கிறேன்.

நாலாம் நாள் அவரிடம் சொன்னோம்.
வெகுநேரம் கூரையைப் பார்த்தார்.
"ஆணா?"
ஆண்தான்.
"அதான் முரண்டு பிடித்திருக்கிறது."
பிறகு, தொழில்காரர் குரலில்:
"எந்த ஆற்று மீன்?"

குவாபாரா பையில் வைத்திருந்த காலிக் குப்பியை
எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.
ஆறு இல்லை, ஊர் இல்லை,
ஒரு தொகுதி எண் மட்டும்.
சேய்ஸோ கண்ணாடி கேட்டு வாங்கி
இலக்கம் இலக்கமாக அதை வாசித்தார்,
தன் படகிலிருந்து இறங்கிய பெட்டி
சரியாக வந்து சேர்ந்ததா என்று பார்ப்பதுபோல.